ஆட்டம் கண்ட கிராங்க், அறுந்த கம்பிகள்: புது சைக்கிள் வாரன்டி அனுபவம்

புது சைக்கிளில் கோளாறு வந்துவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது வாரன்டி கார்டைத்தான். ஆனால் கார்டைத் தொடுவதற்கு முன் பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கோளாறு எங்கே உண்டானது? பாகத்தைச் செய்த இடத்திலா, கடையில் பூட்டிய இடத்திலா, ஓட்டிய விதத்திலா? இது தெரிந்துவிட்டால் யாரிடம் போவது, என்ன கேட்பது என்பதில் குழப்பமே இருக்காது. தெரியாமல் போனால் கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி கடையைக் கைகாட்டும், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து நம்மைக் கைகாட்டுவார்கள்.

என் சைக்கிளில் அடுத்தடுத்து இரண்டு பெரிய கோளாறுகள் வந்தன. ஒன்று கடை பூட்டியதில் வந்தது, மற்றொன்று தயாரிப்பிலேயே இருந்தது. இரண்டுக்கும் மாற்றுப் பாகம் கிடைத்தது. ஆனால் இரண்டையும் ஒரே வழியில் வாங்க முடியவில்லை. அந்த வித்தியாசத்தை விரிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து முழுதாக வருவதில்லை. அட்டைப்பெட்டியில் பாதி பூட்டியபடி வருகிறது. முன் சக்கரம், ஹேண்டில் பார், சீட், பெடல் இவற்றைக் கடையில் மாட்டுகிறார்கள். பிரேக்கையும் கியரையும் கடையில்தான் சரிபார்க்க வேண்டும். தொழிற்சாலையில் முடுக்கிய போல்ட்டுகளையும் கடைக்காரர் ஒருமுறை அளவு பார்த்து முடுக்கித் தர வேண்டும், சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு சைக்கிளுக்கு நல்ல நேரம் பிடிக்கும் வேலை இது. கூட்டம் அதிகமான நாளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் எடுத்த முதல் சில வாரங்களில் தலைகாட்டும் கோளாறு எதுவானாலும், நான் முதலில் சந்தேகப்படுவது பூட்டியதைத்தான்.

என் விஷயத்தில் தொடங்கியது இடது கிராங்க், அதாவது பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை. பெடல் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் இடது காலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். காதுக்குக் கேட்டதைவிட உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. இறங்கி, ஒரு கையால் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிராங்க்கை உள்ளும் புறமுமாக ஆட்டிப் பார்த்தேன். லேசான ஆட்டம் இருந்தது. வலது பக்கக் கிராங்க்கும் கூடவே ஆடினால் அது பாட்டம் பிராக்கெட்டின், அதாவது ஃபிரேமின் அடியில் அந்த அச்சு சுழலும் இடத்தின், பேரிங் தளர்ந்ததன் அடையாளம். இடது பக்கம் மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க்கே அச்சில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். எனக்கு இடது மட்டும்தான் ஆடியது. அதோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏன் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் சைக்கிளில் இருப்பது சதுர முனை அச்சு. அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். அச்சின் முனை லேசாகச் சரிந்து குறுகும் சதுரமாக இருக்கும், கிராங்க்கில் அதற்கேற்ற சதுரத் துளை. போல்ட்டைப் போதிய விசையோடு முடுக்கினால் கிராங்க் அச்சின் மேல் ஏறி இறுகிக்கொள்ளும். பெரும்பாலான கம்பெனிகள் இதற்குச் சொல்லும் முடுக்கு விசை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை. கையடக்கச் சாவியால் அந்த விசை வராது, நீளமான கைப்பிடியும், முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சும் வேண்டும். குறைவாக முடுக்கியிருந்தால் ஒவ்வொரு மிதியிலும் எஃகு முனை அலுமினியத் துளையின் மூலைகளை நசுக்கும். மூலை ஒருமுறை மழுங்கிவிட்டால் பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது, கிராங்க்கையே மாற்ற வேண்டியதுதான். கோளாறு கடையில் பிறந்ததாகவே இருக்கட்டும். லூஸாக இருப்பது தெரிந்தும் ஓட்டினால் அந்த மழுங்கிய மூலைகளுக்கு நாம்தான் பொறுப்பு என்று சொல்ல அவர்களுக்குச் சுலபமான வாய்ப்பு கிடைத்துவிடும். கிராங்க், ஹேண்டில் பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் என்று ஆட்டம் கொடுக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். ஆட்டம் தெரிந்த நிமிடத்தில் ஓட்டம் நிற்க வேண்டும்.

அன்றே கிராங்க் ஆடுவதை வீடியோ எடுத்தேன். ஒரே ஷாட்டில் முதலில் ஃபிரேம் எண், பிறகு கிராங்க், பிறகு ஆட்டம். அதைக் கடையின் எண்ணுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"புது வண்டி இல்லையா சார், கொஞ்ச நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்" என்றார் கடைக்காரர்.

"சரிங்க. ஓட்டலாம்னு மெசேஜ்ல போட்டுடுங்க, நான் ஓட்டுறேன்" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம் சார், வண்டியைக் கொண்டு வாங்க" என்றார்.

அந்த ஒரு வரியை எழுத்தில் கேட்டதுதான் நான் செய்தவற்றிலேயே பயனுள்ள காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். வாயால் சொல்வது யாருக்கும் எளிது. எழுதித் தரச் சொல்லும்போதுதான் எதிரில் இருப்பவர் உண்மையாகவே யோசிக்கிறார். கோபப்பட வேண்டியதில்லை, குரலை உயர்த்த வேண்டியதில்லை.

கடையில் போல்ட்டைக் கழற்றினார்கள். மெக்கானிக் பெரிய சிரமமில்லாமல் கழற்றியதே ஒரு சாட்சி. கிராங்க்கை உருவியெடுத்ததும் உள்ளே பார்த்தோம். சதுரத் துளையின் இரண்டு மூலைகளில் அலுமினியம் பளபளவென்று தேய்ந்து, ஓரம் லேசாக வளைந்திருந்தது. எதிர்பார்த்ததுபோலவே, "லூஸா ஓட்டியிருக்கீங்க சார்" என்ற பேச்சு வந்தது. நான் முதல் மெசேஜின் தேதியைக் காட்டினேன். அதற்குப் பிறகு சைக்கிள் ஓடவில்லை என்றும் சொன்னேன். திரும்ப முடுக்கித் தருகிறோம் என்றார்கள். மூலை மழுங்கிய கிராங்க் நிற்காது, மாற்றித்தான் தர வேண்டும் என்றேன். கொஞ்ச நேரப் பேச்சுக்குப் பிறகு கடைக் கணக்கிலேயே புதுக் கிராங்க் போட்டார்கள். எத்தனை நியூட்டன் மீட்டரில் முடுக்கினார்கள் என்பதை வேலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

இந்த உரையாடல் முழுவதிலும் நான் வாரன்டி என்ற சொல்லை எடுக்கவே இல்லை. வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். கம்பெனியின் வாரன்டி கார்டு ஈடு செய்வது மூலப்பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளை. சரியாகப் பூட்டாததால் வந்த சேதத்தைப் பெரும்பாலான கார்டுகள் வெளிப்படையாகவே விலக்கி வைக்கின்றன. பூட்டியதில் வந்த பிழைக்குப் பொறுப்பு விற்றவருடையது. அதை வாரன்டி என்று சொல்லிக் கேட்டால், "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று சைக்கிளை வாரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கம்பெனியும் மறுத்துவிடும், அதுவும் விதிப்படி சரியாகவே இருக்கும். பல நாடுகளின் நுகர்வோர் சட்டம், கம்பெனியின் வாரன்டி ஒரு பக்கம் இருக்க, விற்றவருக்கும் தனியாகப் பொறுப்பு உண்டு என்றே சொல்கிறது. பொருளை விற்றவர் அதைச் சரியான நிலையில் தர வேண்டும். இது கார்டில் இருக்காது, ஆனால் உங்கள் பில்லுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்றைய சைக்கிள்கள் பலவற்றில் சதுர அச்சு இல்லை. குழாய் போன்ற தடித்த அச்சு வலது கிராங்க்கோடு சேர்ந்தே வரும், இடது கிராங்க்கை இரண்டு சிறு போல்ட்டுகள் கவ்விப் பிடிக்கும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனியின் வகையில் அவற்றுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக முடுக்க வேண்டும். அமைப்பு வேறு, ஆனால் லூஸாக ஓட்டினால் கிராங்க் அச்சைப் பிடிக்கும் பல்வரிசை தேய்ந்து கிராங்க் வீணாவது அதே கதைதான்.

பெடல் மரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது கடையிலேயே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு. வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடல் தலைகீழ் மரை, முடுக்க வேண்டுமானால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அவசரத்தில் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டோ, கோணலாக நுழைத்தோ, பெரிய ஸ்பேனரால் அழுத்தி ஏற்றிவிட்டால் கிராங்க்கின் மரை நாசமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பெடல் மாட்டியதுபோலவே இருக்கும். குனிந்து பெடலின் அச்சு கிராங்க்கில் சேரும் இடத்தைப் பாருங்கள். விளிம்பு சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தாலும், அலுமினியத் துருவல் ஒட்டியிருந்தாலும், பெடலைச் சுற்றும்போது தலையை ஆட்டுவதுபோல அசைந்தாலும் சைக்கிளை எடுக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அது யார் செய்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

இரண்டாவது கோளாறுதான் என்னை நிறைய படிக்க வைத்தது. பின் சக்கரத்தில் ஸ்போக் கம்பி அறுந்தது. செயின் பக்கம், ஹப்பில் கம்பி வளைந்து நுழையும் முழங்கை போன்ற இடத்தில். சமதளமான சாலையில், பெரிய சுமை எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம், உடனே சக்கரத்தின் வெளி வளையமான ரிம், பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. கடையில் இலவசமாகவே ஒரு கம்பி மாற்றி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் அதே பக்கம், அதே இடத்தில் இன்னொன்று அறுந்தது. பிறகு மூன்றாவது.

"நீங்க பள்ளம் மேடு பாக்காம ஓட்டுறீங்க போல சார், வெயிட்டும் ஏத்துறீங்க" என்றார்கள்.

இந்த இடத்தில் கம்பி எப்படி அறுகிறது என்பது தெரிந்தால்தான் வாதாட முடியும். சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கிறது. நாம் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடும் பகுதிக்கு நேர் மேலே உள்ள கம்பிகளின் இழுவிசை குறைகிறது. சக்கரம் உருண்டு அந்தக் கம்பி மேலே போனதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படிக் குறைந்து கூடுகிறது. கட்டும்போதே நல்ல இழுவிசை கொடுத்திருந்தால், குறையும்போதும் கம்பி விறைப்பாகவே இருக்கும், முழங்கை அசையாது. லூஸாகக் கட்டியிருந்தால் சுமை வரும்போது கம்பி தொய்ந்துவிடும், அப்போது முழங்கை ஹப்பின் துளையில் அசைகிறது. ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒடிவதுபோல, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் அங்கே களைப்பு முறிவு வருகிறது. அதிகமாக இழுத்துக் கட்டியதால்தான் கம்பி அறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரிம் தாங்கும் எல்லைக்குள் பார்த்தால், அடிக்கடி அறுவது போதாமல் கட்டிய கம்பியும் ஏற்றத்தாழ்வாகக் கட்டிய கம்பியும்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஒரு கம்பி அறுந்தால் அந்தக் கம்பியில் குறை இருக்கலாம். அதே பக்கத்தில் அடுத்தடுத்து அறுந்தால் சந்தேகம் சக்கரம் கட்டிய முறையின் மேல் விழ வேண்டும். மற்ற கம்பிகளும் அதே காலம் அதே களைப்பைச் சுமந்திருக்கின்றன. ஒன்றொன்றாக மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

நான் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், சக்கரம் கட்டுவதில் கை தேர்ந்தவர் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் எதையும் கேட்காமல் முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் வரிசையாகச் சுண்டிக்கொண்டே வந்தார். ஒன்று 'ணங்' என்று ஒலித்தது, அடுத்தது மந்தமாக 'தொப்' என்றது.

"கேக்குதா தம்பி? ஒரே பக்கத்துல எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தம் வரணும்" என்றார்.

"இதை எழுதித் தர முடியுமா அண்ணே?" என்று கேட்டேன்.

அவரிடம் இழுவிசை அளக்கும் மீட்டர் இருந்தது. வால்விலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியாக அளந்து, ஒரு தாளில் எண் போட்டு எழுதினார். பின் சக்கரத்தில் செயின் பக்கம் கியர் பற்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் நேராகவும் அதிக இழுவிசையோடும் இருக்கும். பல ரிம்களுக்கு 100 முதல் 120 கிலோ விசை வரை வைப்பார்கள். எதிர்ப்பக்கம் அதில் ஏறக்குறைய பாதிதான், அது இயல்பு. அதனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடக் கூடாது, ஒரே பக்கத்துக்குள் ஒப்பிட வேண்டும். என் சக்கரத்தில் செயின் பக்கத்திலேயே சில கம்பிகள் 110 காட்டின, அதற்கு அடுத்து இருந்தவை 60ஐத் தாண்டவில்லை. கோட்டம் இல்லாமல் நேராகச் சுற்றுகிற சக்கரத்திலும் இப்படி இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இறுக்கமான கம்பியும் தொய்ந்த கம்பியும் ஒன்றையொன்று ஈடுகட்டி, ரிம்மை நேராக வைத்திருந்தன.

பள்ளத்தில் விழுந்தது என்ற வாதத்துக்கும் அவரே பதில் சொன்னார். கம்பி அறுகிற அளவுக்குச் சக்கரம் அடி வாங்கியிருந்தால் ரிம்மின் விளிம்பில் நசுங்கல் இருக்கும், பெரும்பாலும் டியூபில் இரட்டைத் துளை விழுந்திருக்கும். என் ரிம்மில் சிறு தழும்புகூட இல்லை. விளிம்பைச் சுற்றிலும் படம் எடுத்துக்கொண்டேன். அறுந்த கம்பிகளை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய தாள் ஒட்டி. பாகம் மாற்றும்போது பழையதைக் கேட்டு வாங்கி வைப்பது நல்ல பழக்கம். முறிந்த முகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். களைப்பில் முறிந்தது தட்டையாக, கழுத்து சுருங்காமல் இருக்கும். ஒரே இழுப்பில் அறுந்தது நீண்டு மெலிந்திருக்கும்.

இதற்கிடையில் கடைவழி கம்பெனிக்குப் போன முதல் விண்ணப்பம் "பயன்பாட்டால் ஏற்பட்ட சேதம்" என்ற ஒற்றை வரியில் மறுக்கப்பட்டு வந்தது. அந்த விண்ணப்பத்தைக் கடைக்காரர்தான் நிரப்பி அனுப்பியிருந்தார். நகல் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "ஸ்போக் உடைந்தது" என்று மட்டும் எழுதியிருந்தது. அப்படி வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு கம்பெனியில் உட்கார்ந்திருப்பவர் வேறென்ன முடிவெடுப்பார்? அதனால் இரண்டாவது முறை நானே எழுதினேன்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. வாங்கிய தேதி, பில் எண், மாடல், ஃபிரேம் எண். கம்பி அறுந்த தேதிகள், பக்கம், அறுந்த இடம். கடை ஒவ்வொரு முறையும் செய்த வேலை. மெக்கானிக்கின் அளவுத் தாள். ரிம்மில் அடிபட்ட தடயம் இல்லை என்பதற்குப் படங்கள். கடைசியில் ஒரே கோரிக்கை: பின் சக்கரத்தை முழுதாக மாற்றித் தர வேண்டும். நஷ்டஈடு வேண்டும், மன உளைச்சல், இனி உங்கள் சைக்கிளையே வாங்க மாட்டேன் என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த வரிகளைச் சேர்த்தால் படிப்பவருக்குப் பதில் எழுத வேறு விஷயம் கிடைத்துவிடும், சக்கரம் பின்னுக்குப் போய்விடும். காரணம் இதுதான் என்று நான் தீர்ப்பும் எழுதவில்லை. அளவுகளை மட்டும் வைத்துவிட்டு, "ஒரே பக்கத்தில் இந்த அளவு வித்தியாசம் உங்கள் தயாரிப்பு வரம்புக்குள் வருகிறதா என்று தெரிவிக்கவும்" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுதுவது யாருக்கும் கடினம்.

புதுச் சக்கரம் வந்தது. பற்சக்கரத்தையும் டயரையும் மாற்றிப் போடக் கூலி கேட்டார்கள். கார்டில் வேலைக்கூலி சேராது என்று எழுதியிருந்ததால் கொடுத்தேன். தயாரிப்பில் வந்த குறைக்கு வாங்கியவர் கூலி கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, கொடுக்கும்போதே அதைச் சொன்னேன். சைக்கிள் வாங்கும்போதே கேட்டு வைக்க வேண்டிய விஷயம் இது. சில கடைகள் முதல் வருடக் கூலியைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன.

கார்டைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஃபிரேமுக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு வேறு காலம் என்று பிரித்திருப்பார்கள். சில கம்பெனிகள் ஃபிரேமுக்கு வாழ்நாள் வாரன்டி தருகின்றன, ஆனால் முதலில் வாங்கியவருக்கு மட்டும். பிரேக், கியர், சஸ்பென்ஷன் ஃபோர்க் இவற்றை வேறு கம்பெனிகள் செய்வதால் அவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியின் விதி. டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், கேபிள் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாகச் சேராது. போட்டியில் ஓட்டினாலோ, வாடகைக்கு விட்டாலோ, அளவுக்கு மேல் சுமை ஏற்றினாலோ செல்லாது என்று இருக்கும். குறித்த நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். பில்லையும் ஃபிரேம் எண்ணையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். எண் பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் இருக்கும். சைக்கிளைக் கவிழ்த்தால் தெரியும். கொஞ்ச நாள் ஓடிய பிறகு முதல் சர்வீஸுக்கு வரச் சொல்வார்கள். அதைத் தவறவிட்டால் பின்னால் மறுப்பதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும்.

எல்லாச் சத்தமும் கோளாறு இல்லை. புதுச் சக்கரம் முதல் ஓட்டத்தில் 'டிக் டிக்' என்று சில முறை ஒலிப்பது, முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் தளர்வதால். கியர் கேபிளின் வெளிக்குழாய் முனைகள் உட்கார்ந்துகொள்வதால் சில வாரங்களில் கியர் சற்றுத் தடுமாறும். கேபிள் முனையில் இருக்கும் உருளைத் திருகை அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும். டிஸ்க் பிரேக் முதலில் பிடிப்பு குறைவாக இருக்கும், வேகமெடுத்து மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் வாரன்டி என்று போய் நின்றால், உண்மையான கோளாறோடு போகும்போது நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

கவனிக்க வேண்டிய சத்தத்தைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டு போங்கள். சத்தம் நின்றால் பெடல், கிராங்க், பாட்டம் பிராக்கெட், செயின் இவற்றில் ஒன்று. நிற்காவிட்டால் சக்கரம் அல்லது பிரேக். மிதிக்கும் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் கிராங்க் பக்கம், பல சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது மறைந்தால் சீட்டையும் சீட் கம்பத்தையும் பாருங்கள். இதைச் செய்து பார்த்துவிட்டு, எந்தச் சமயத்தில் வருகிறது என்று எழுதிக் கொடுங்கள். 'சத்தம் வருது' என்று மட்டும் சொன்னால் கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

பின் கியர் மாட்டியிருக்கும் சிறு அலுமினியக் கொக்கி, ஹேங்கர், பெட்டியில் வரும்போதே வளைந்திருக்க வாய்ப்புண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது கியரின் இரண்டு சிறு சக்கரங்களும் பற்சக்கரத்துக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால், மிகப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றும்போது கியரே ஸ்போக்கில் சிக்கி, சக்கரமும் ஃபிரேமும் சேர்ந்து போகும். எடுக்கும் நாளிலேயே பார்த்துவிட வேண்டியது. பிறகு சொன்னால் கீழே விழுந்து வளைந்தது என்பார்கள். உண்மையிலேயே விழுந்திருந்தால் விழுந்தது என்றே சொல்லுங்கள். சில கம்பெனிகள் விபத்தில் சேதமான ஃபிரேமுக்கும் விலை குறைத்து மாற்றுத் தருகின்றன. மறைத்துவிட்டுப் பிடிபட்டால் அதுவும் கிடைக்காது.

வாரன்டி முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாத ஒரு நிலையும் உண்டு, கம்பெனியே திரும்ப அழைப்பது. 2023 செப்டம்பரில் ஷிமானோ, தனது 11 வேக ரோடு சைக்கிள் கிராங்க்குகளில் சிலவற்றைப் பரிசோதனைக்கு அழைத்தது. 2019 ஜூலைக்கு முன் செய்த அல்டெக்ரா, டியூரா ஏஸ் வகைகள் அவை. இரண்டு துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த கிராங்க், ஒட்டு விட்டுப் பிரிந்துவிடும் அபாயம் இருந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்க்குகள். கடைகளில் இலவசமாகப் பரிசோதித்து, பிரிவதற்கான அறிகுறி இருந்தவற்றுக்கு மாற்றுத் தந்தார்கள். கிராங்க்கின் உட்புறம் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டை வைத்துத்தான் எது அந்தப் பட்டியலில் வருகிறது என்று பார்த்தார்கள். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக ஃபிரேம், கிராங்க், ஃபோர்க் எண்களைக் கம்பெனியின் திரும்ப அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

ஃபிரேமில் கோடு தெரிந்தால் மட்டும் எந்தச் சோதனையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். அது பெயின்டில் விழுந்த கீறலா, உலோகத்தில் விழுந்த விரிசலா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வெல்டுக்குப் பக்கத்தில், ஹேண்டில் பார் நுழையும் ஹெட் டியூபுக்குக் கீழே, சீட் கம்பம் நுழையும் இடத்தில் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். துடைத்துவிட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பி, பதில் வரும்வரை ஓட்டாமல் இருங்கள்.

சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு வரும்போது வேலைச் சீட்டு இல்லாமல் வராதீர்கள். என்ன குறை, சைக்கிள் எந்த நிலையில் இருந்தது, உத்தேசமாக எப்போது பதில் வரும் என்பது அதில் இருக்க வேண்டும். எடுத்துச் செல்லும் விளக்கு, பை, பெல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மாற்றிப் போட்ட பாகத்துக்குப் புதிதாக வாரன்டி ஓடுமா, பழைய காலத்தின் மீதியா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் மீதிக் காலம்தான் தருகிறார்கள்.

கடையும் மறுத்து, கம்பெனியும் மறுத்துவிட்டால், நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போவதற்கு முன் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் அளவுகளோடு எழுத்தில் ஒரு கருத்து வாங்குங்கள். அதன் நகலை இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சலில், ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்கும் போகும்படி அனுப்புங்கள். என் சக்கரத்துக்கான பதில் அப்படி அனுப்பிய பிறகுதான் வந்தது. புதுச் சக்கரத்தையும் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், மீட்டர் வைத்து அளந்து, அந்தத் தாளையும் பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.